ஆயாவோட நர்ஸ் யூனிஃபார்மை ஃப்ரேம் கடைக்குக் குடுக்காதீங்க!

வணக்கம் மக்களே, தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து. இன்னைக்குக் கொஞ்சம் கோவமாத்தான் கேமராவ ஆன் பண்ணிருக்கேன். புரட்டாசி வருது, எல்லார் வீட்லயும் ஆயா தாத்தா படத்தை எறக்கித் துடைக்கிற நேரம். நம்ம சேனல் பாக்குற ஒருத்தங்க ஒரு போட்டோ அனுப்பிருக்காங்க. அவங்க ஆயா ரிட்டயர்டு நர்ஸ், தவறிட்டாங்க. ஆயா யூனிஃபார்ம் தோள்ல மாட்டுற கலர்ப் பட்டை, பேட்ஜ், மார்ல குத்துற வாட்ச், எல்லாத்தையும் ஒரு கடைல வெல்வெட் அட்டை மேல ஹாட் க்ளூ வெச்சு ஒட்டி, கண்ணாடி போட்டுக் குடுத்திருக்காங்க. விலை எவ்வளவு தெரியுமா? 1,850 ரேண்ட்! ஆயிரத்து எண்ணூத்து அம்பது! கூடக் கொஞ்சம் போட்டா வீட்டுக்கு ஒரு ஃப்ளாட்பெட் ஸ்கேனரே வந்துரும். பசைய ஒட்டினதுக்கு 1,850!

ஹாட் க்ளூ துணில நூலுக்குள்ள எறங்கிரும். அப்புறம் பிச்சா நூலோடதான் வரும். துணிய சட்டத்துல வெக்கணும்னா தைக்கணும், ஒட்டக்கூடாது. ஆசிட் இல்லாத அட்டை மேல துவைச்ச பருத்தித் துணிய இழுத்துக் கட்டி, பட்டையோட ஓரத்துல நாலஞ்சு எடத்துல பருத்தி நூலால லூசா ஒரு தையல். கண்ணாடி துணியத் தொடக்கூடாது. ஓரத்துல குச்சி வெச்சு இடைவெளி விடச் சொல்லுங்க. தொட்டுக்கிட்டு இருந்தா நம்ம ஊரு ஈரத்துக்கு உள்ள வேர்த்து பூஞ்சை புடிச்சிரும்.

அந்தப் பட்டை சும்மா அலங்காரம் இல்லங்க. அதுதான் ஆயாவோட பயோடேட்டா. மெரூன் பட்டைன்னா பதிவு பெற்ற நர்ஸ். அது மேல பச்சைக் கம்பி இருந்தா பிரசவம் பாக்கப் படிச்சவங்க. நேவி ப்ளூ மனநலம். மஞ்சள்னா சமூக நலம், அதாவது கிளினிக், வீடு வீடாப் போறது. அதனால கம்பியக் கழட்டுறதுக்கு முன்னாடி முன்பக்கம், பின்பக்கம் ரெண்டையும் போட்டோ எடுங்க. பேட்ஜ் பின்னாடி நம்பரோ பேரோ வெட்டிருந்தா அதத் தனியா க்ளோசப். பேட்ஜைத் துணிலயே குத்தி வெக்காதீங்க, ஊசி துருப்பிடிச்சுக் கறை எறங்கும். பளபளன்னு ஆகணும்னு பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்க்கிறவங்களப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். எனாமலும் போகும், எழுத்தும் தேயும். காஞ்ச மெத்துத் துணி போதும்.

வாட்ச்! மறந்துட்டேன். பேட்டரி வாட்சா இருந்தா பேட்டரிய இன்னைக்கே எடுத்துருங்க. உள்ள கசிஞ்சா எல்லாம் முடிஞ்சுது.

வெள்ளை யூனிஃபார்ம். அதுல இருக்கிற கஞ்சிதான் வில்லன். ஃபிஷ்மாத்துக்கு, அதான் துணியையும் காகிதத்தையும் அரிக்கிற வெள்ளி மீன் பூச்சிக்கு, கஞ்சின்னா உசுரு. வெதுவெதுப்பான தண்ணில, வாசனை இல்லாத சோப்புல துவைச்சு, கஞ்சி போற வரைக்கும் அலசணும். ஜிக் மாதிரி ப்ளீச் வேண்டவே வேண்டாம், பருத்தி நூல் பலம் போயிரும். மடிப்புக்குள்ள ஆசிட் இல்லாத டிஷ்யூவ உருட்டி வெச்சு, படுக்க வெக்கணும். கம்பி ஹேங்கர்ல தொங்கவிட்டா தோள்பட்டை கிழியும். தோள் மேல போத்திக்கிற கேப் இருந்தா அது கம்பளி, துவைக்காதீங்க, உள் லைனிங் சாயம் போகலாம். ப்ளாஸ்டிக் பைல காத்தில்லாம கட்டி ஃப்ரீசர்ல மைனஸ் 18ல ரெண்டு வாரம் வைங்க, அந்துப் பூச்சி முட்டையோட செத்துரும். வெளிய எடுத்ததும் பையப் பிரிக்காதீங்க, ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். ஒடனே பிரிச்சா துணி மேல தண்ணி கோத்துக்கும்.

இப்ப என் ஃபேவரிட். பல் ஃப்ளாஸ்! 70, 80கள்ல வந்த அந்த ஒட்டுற ஆல்பம் எல்லார் வீட்லயும் இருக்கும்ல, பக்கமே பசையா இருக்கும், மேல ப்ளாஸ்டிக் தாள். பசை மஞ்சளாகிப் படத்தைக் கவ்விக்கிட்டு இருக்கும். நகத்தை விடாதீங்க. மூலைல ஃப்ளாஸை நொழைச்சு, ரெண்டு கையால ரம்பம் மாதிரி மெதுவா இழுங்க, பக்கத்தோட ஒட்டினாப்புல, படத்தை வளைக்காம. மெழுகு போட்டது, போடாதது ரெண்டுல போடாதத எடுங்க. புதினா வாசனையும் வேண்டாம். எந்த எண்ணெயும் படத்துல படக்கூடாது. சுத்தமா வருது மக்களே, அந்தச் சத்தமே தனி சுகம்! வரலன்னா விட்டுருங்க, பக்கத்தோட அப்படியே ஸ்கேன் பண்ணிக்கலாம். ஹேர் ட்ரையர் வேண்டாம், படம் சுருளும்.

ஸ்கேன் 600 டிபிஐ. தீப்பெட்டி அளவு படம்னா 1200. டிஃப் ஃபைலா வெச்சுக்கிட்டு, வாட்ஸாப்புக்கு மட்டும் ஜேபெக். படத்துப் பின்னாடி பேனா கூடாது, 2பி பென்சில். என் பென்சில் பைத்தியம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான்.

வருஷம் தெரியாத படத்துக்கு என்ன பண்றது? பெட்டில இருக்கிற காகிதமே சொல்லும். சம்பளச் சீட்டு பவுண்ட், ஷில்லிங்ல இருந்தா அது 1961 பிப்ரவரி 14க்கு முந்தினது, அன்னைக்குத்தான் ரேண்ட் வந்துச்சு. படத்துல பின்னாடி நம்ம டர்பன் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரி கட்டி முடிச்சுத் தெரிஞ்சா 1969க்கு அப்புறம். கிங் எட்வர்டு ஆஸ்பத்திரி 1936லயே தொறந்தது, அத வெச்சு ஒண்ணும் புடிக்க முடியாது. சர்டிஃபிகேட்டுல 1957 நர்சிங் சட்டம்னு கண்ணுல பட்டா அதைத் தனியா எடுத்து வைங்க. அந்தச் சட்டம்தான் நர்சுகளோட பதிவேட்டை இனவாரியாப் பிரிச்சுது, நர்சிங் கவுன்சில்ல வெள்ளைக்காரங்க மட்டும்தான் உக்காரலாம்னு வெச்சுது. ஆயா எந்தப் பதிவேட்டுல இருந்தாங்கன்னு பேத்திக்குத் தெரிய வேண்டாமா? அதப் போய் லேமினேட் பண்றாங்க! சூட்டுல ஒட்டினதப் பிரிக்கவே முடியாது. ஸ்டேப்ளர் பின்னும் க்ளிப்பும் மட்டும் கழட்டுங்க, கடல் காத்துக்குத் துரு ஏறிரும்.

சாமி மேடைல வெக்கிறது காப்பி மட்டும். சூடமும் விளக்குப் புகையும் ஒரிஜினல் மேல ஏறினா எடுக்க முடியாது. பொட்டும் மாலையும் காப்பிக்கே வைங்க, ஆயா கோச்சுக்க மாட்டாங்க.

அய்யோ, முக்கியமானத விட்டுட்டேன். நர்ஸ் வீட்டுப் பெட்டிய அவசரமாத் தொறக்காதீங்க. பழைய தெர்மாமீட்டர்ல ஒரு கிராம் வாக்குல பாதரசம் இருக்கும். நட்டுக்குத்தலான பழைய பிபி மெஷின்ல 100 கிராம் பக்கம் இருக்கும். உடைஞ்சிருந்தா விளக்குமாறு, வேக்குவம் ரெண்டும் தொடக்கூடாது. குழந்தைங்களை வெளிய அனுப்பி, ஜன்னலத் தொறந்து, தங்க மோதிரம் வளையலக் கழட்டிட்டு, கெட்டி அட்டையால உருண்டைகள ஒண்ணாத் தள்ளி, மிச்சத்தை ஒட்டு டேப்ல எடுத்து, மூடி போட்ட பாட்டில்ல போடுங்க. குப்பைலயும் சிங்க்லயும் கொட்டாதீங்க. உங்க முனிசிபாலிட்டிக்கு போன் பண்ணி ஆபத்தான கழிவு எங்க வாங்குறாங்கன்னு கேட்டுட்டுக் கொண்டு போங்க. உடையாததா இருந்தா பஞ்சு சுத்தி, டப்பால போட்டு, மேல பெருசா "பாதரசம்"னு எழுதி வைங்க.

ஆயாவோட கூட வேலை பாத்தவங்க யாராவது இருந்தா இந்த மாசமே போய்ப் பேசிருங்க. போனை ஏரோப்ளேன் மோடுல போட்டு, ஒரு துண்டு மேல வைங்க. "ஆயா எப்படி?"ன்னு கேட்டா "தங்கமானவங்க"தான் வரும். எந்த வார்டு, ராத்திரி ட்யூட்டிக்கு எத்தனை பேஷண்ட், ஊசிய எதுல கொதிக்க வெப்பீங்க, வீட்டுக்கு எந்த பஸ், அப்படிக் கேளுங்க. அந்தப் பட்டையக் கைல குடுத்துட்டுக் கேட்டா இன்னும் நல்லாப் பேசுவாங்க. ஃபேனை அணைக்க மறக்காதீங்க, இரைச்சல் அப்புறம் போகவே போகாது. கேசட்டு பத்தி அடுத்த வாரம். பை!