6-க்கும் 6.35-க்கும் நடுவில் ஒரு வளைவு சீலிங்

வணக்கம் மக்களே, ராயபுரத்து அத்தை வீட்டு ஹாலுக்கு வளைவான சீலிங் போடுகிற வேலைதான் இது. இன்றைக்குப் படம் கொஞ்சம் ஆடும், கேமரா ஸ்டாண்டைப் பலகைக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

முதலில் பாரிமுனைச் சண்டையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேலையில் மனசு போகாது. பேரிங் வைத்த ட்ரிம் பிட், அதாவது ரூட்டரில் மாட்டி மரத்தின் ஓரத்தைச் சீவுகிற அலகு, வாங்கப் போனேன். என் ரூட்டரில் (மரம் செதுக்குகிற மெஷின்) பிட்டின் தண்டைப் பிடிக்கிற காலெட் கால் இஞ்ச், அதாவது 6.35 மில்லிமீட்டர். கடைக்காரர் நீட்டியது 6 மில்லிமீட்டர் தண்டு. "எல்லாம் ஒன்றுதான் தம்பி, டேப் சுற்றிக்கோ." அண்ணே, நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றுகிற சாமான், வழுக்கி வெளியே வந்தால் யார் மூஞ்சியில் இறங்கும்? இதில் அது விலை குறைவு என்று பெருமை வேறு! இரண்டு சந்து தள்ளி சரியான பிட் கிடைத்தது, 850 சொன்னார்கள், பேசிப் பேசி 780. அந்த 70 ரூபாயைப் பற்றி வீட்டில் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டேன், நீங்கள்தான் பாக்கி.

சரி, ராயபுரத்து அத்தை வீட்டு ஹாலுக்கு வருவோம். வளைவின் அகலம் 2400 மில்லிமீட்டர், நடுவில் ஏற்றம் 300. அகலத்தின் வர்க்கத்தை ஏற்றத்தின் எட்டு மடங்கால் வகுத்து, ஏற்றத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம், 2550 வரும். அவ்வளவு நீளம் வீட்டுக்குள் ஏது, மொட்டைமாடிக்குப் போய் ரீப்பர் கட்டையின் ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் ரூட்டர். ஆணியின் நடுவிலிருந்து பிட்டின் தூர ஓரம் வரை அளந்துகொள்ளுங்கள், பிட்டின் நடு வரை அளந்தால் போச்சு. இப்படி 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப்பில் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) ஒரே ஒரு டெம்ப்ளேட், அதாவது மாதிரி அச்சு. நேரம் எல்லாம் இதற்குத்தான் கொடுக்கணும். சீலிங்கைத் தாங்குகிற வளைந்த சட்டங்களை, அதாவது ரிப்புகளை, ஜிக்சா ரம்பத்தில் தோராயமாக அறுத்து, இதன்மேல் ஒட்டி, பேரிங் டெம்ப்ளேட்டை ஒட்டிப் போகும்படி பிட்டை ஓட்டினால் எல்லாமே அச்சு அசல். எம்டிஎஃப் டெம்ப்ளேட்டோடு சரி, மேலே ஏற்ற மாட்டேன், இந்தக் கடல் ஈரத்தில் ஊதிவிடும்.

ரிப்புகளின் அடியில் 4 மில்லிமீட்டர் ப்ளைவுட். இந்த ஆரத்துக்குக் கையால் அமுக்கினாலே வளையும். பின்பக்கம் கோடு கோடாக ரம்பத்தால் கீறி வளைக்கச் சொல்லி கமெண்டில் ஒரே அட்வைஸ், எனக்கு அது ஆகவே ஆகாது, ஓரத்தில் எல்இடி போட்டால் ஒவ்வொரு கீறலும் பட்டை பட்டையாகத் தெரியும்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். அத்தை வீடு பழைய மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும். செங்கல்லில் துளை போட்டால் பொடிதான் கொட்டும், ஆங்கர் போல்ட் நிற்காது. ஸ்க்ரூ எல்லாம் உத்திரத்தில்தான், அதனால் ரிப்புகளின் இடைவெளியையும் உத்திரத்தைப் பார்த்துத்தான் வைத்தேன்.

இப்போது அத்தை, "ஃபேன் எங்கேடா மாட்டுவே?" என்கிறார். கொக்கி சரியாக வளைவின் உச்சியில் இருக்கிறது, ராடு நீளமாக வாங்கணும். நாளைக்கு மறுபடியும் பாரிமுனை.