விருச்சிக ராசின்னாலே சந்திரன் கெட்டுப்போச்சா?

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு விருச்சிகம். எட்டாவது ராசி, அதிபதி செவ்வாய், நீர் ராசி, ஸ்திர ராசி. இதெல்லாம் உங்களுக்கே தெரியும், ஓட்டிடுறேன். நான் பேச வந்தது சந்திரன் நீசத்தைப் பத்தி, அதாவது அந்த ராசியில சந்திரன் பலம் குறைஞ்சு நிக்கறதைப் பத்தி.

கட்டத்தைப் பார்த்த உடனே, "விருச்சிகமா? சந்திரன் நீசமாச்சே, மனசு ஒரு நிலையில நிக்காதே"ன்னு சொல்லிடுறாங்க. எனக்கு இது சுத்தமா பிடிக்கல. ஏன்னா ஜோதிட சாஸ்திரம் அவ்வளவு அவசரப்படல.

ராசிக்கு 30 பாகை (டிகிரி), ஒரு பாகைக்கு 60 கலை. அதுல பரம நீசம், அதாவது பலம் ரொம்பவே குறையுற இடம், 3-ஆவது பாகை. அது விசாகம் 4-ஆம் பாதத்துல விழுது. அந்தப் பாதம் 3 பாகை 20 கலையில முடிஞ்சு அனுஷம் ஆரம்பிச்சிடும், அது 16 பாகை 40 கலை வரைக்கும். மிச்சம் கேட்டை. அனுஷம், கேட்டைக்காரங்களுக்கு சந்திரன் அந்த அடிமட்டத்தைத் தாண்டி வந்தாச்சு. நீச வீடுதான், இல்லன்னு சொல்லல. ஆனா உச்ச பலம், அதாவது உச்ச இடத்தை நோக்கி நகர நகர கூடுற பலம், திரும்ப ஏற ஆரம்பிச்சாச்சு.

இதைவிட முக்கியமானது பட்ச பலம், அதாவது வளர்பிறை, தேய்பிறையை வச்சு சந்திரனுக்கு வர்ற பலம். கொஞ்சம் யோசிங்க. வைகாசியில சூரியன் ரிஷபத்துல இருக்கார். பௌர்ணமின்னா சந்திரன் அவருக்கு நேர் எதிர்ல நிக்கணும். ரிஷபத்துக்கு எதிர் எது? விருச்சிகம்! வைகாசிப் பௌர்ணமிக்கு ஊரே அண்ணாந்து பார்க்குற அந்த முழு நிலா நிக்கறது நீச வீட்டுலதான். இப்போ கார்த்திகைக்கு வாங்க. சூரியன் விருச்சிகத்துல. அந்த மாச அமாவாசையில சந்திரனும் அங்கேயே, ஒளியே இல்லாம. அன்னைக்குப் பிறந்த குழந்தையும் விருச்சிக ராசி, வைகாசிப் பௌர்ணமிக் குழந்தையும் விருச்சிக ராசி. ரெண்டு பேருக்கும் ஒரே பலன் வாசிச்சா எப்படிங்க சரியாகும்?

நடுவுல ஒண்ணு. நவம்பர் 5 பிறந்துட்டு "நான் ஸ்கார்பியோ"ங்கறவங்க, அது மேல்நாட்டு முறை, சூரியனை வச்சு சொல்றது. நம்ம பஞ்சாங்கத்துல அன்னைக்கு சூரியன் துலாத்துலதான், ரெண்டு முறைக்கும் நடுவுல சுமார் 24 பாகை வித்தியாசம், அதைத்தான் அயனாம்சம்னு சொல்றோம். நாம ராசின்னு சொல்றது சந்திரன் நிக்குற இடத்தை. குழப்பிக்காதீங்க.

அப்புறம் நீசபங்கம், அதாவது நீசம் ரத்தாகறது. வீட்டுக்காரர் செவ்வாய், லக்னத்துக்கோ சந்திரனுக்கோ 1, 4, 7, 10-ஆம் வீட்டுல இருந்தா நீசம் பங்கமாகுது. சந்திரனோட உச்ச வீட்டு அதிபதி சுக்கிரன் அப்படி இருந்தாலும் அதேதான். குரு பார்வை விழுந்தா இன்னும் நல்லது.

அதனால ஜாதகத்தை எடுத்து, பிறந்த திதி என்ன, வளர்பிறையா தேய்பிறையா, செவ்வாய் எங்கே உட்கார்ந்திருக்கார்னு பாருங்க. கேட்டைக்காரங்க மட்டும் "அப்போ கண்டாந்தம்?"னு கேப்பீங்க. ராசியும் நட்சத்திரமும் ஒண்ணா முடியற சந்திப்பைத்தான் கண்டாந்தம்னு சொல்றோம்; கேட்டை 4-ஆம் பாதத்தோட கடைசிப் பகுதி அது, மூலத்தையும் சேர்த்துத்தான் பேசணும். அடுத்த வீடியோவுல வச்சுக்கலாம்.