முதிராத செல்கள்: லுக்கேமியாவில் எபிஜெனெடிக்ஸுக்கு என்ன வேலை?

[திரையில்: எலும்பு மஜ்ஜையின் உட்புறம். ஒரு செல் மெதுவாக இரண்டாகப் பிரிகிறது.]

நம் உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களைப் புதிதாக உண்டாக்குகிறது. இவற்றுக்கு மூலம், எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல்கள். எண்ணிக்கையில் ரொம்பக் குறைவு; பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். ஆனால் பிரியும்போது ஒரு கேள்வி வரும். பிறக்கும் செல் ஸ்டெம் செல்லாகவே நீடிப்பதா, ரத்த அணுவாக முதிர்வதா?

பதில் டிஎன்ஏ எழுத்துகளில் மட்டும் இல்லை. ஸ்டெம் செல்லிலும் அதன் வழிவந்த வெள்ளையணுவிலும் எழுத்துகள் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த மரபணு திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். இந்தக் கட்டுப்பாட்டைத்தான் எபிஜெனெடிக்ஸ் என்கிறோம்.

[திரையில்: ஹிஸ்டோன் உருண்டைகளைச் சுற்றிய டிஎன்ஏ இழை. அதன்மேல் சிறு புள்ளிகள் தோன்றி மறைகின்றன.]

டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் நடக்கும் மாற்றங்களும் இதில் உண்டு. இப்போது டிஎன்ஏமேல் ஒட்டி, பெரும்பாலும் மரபணுக்களைப் பூட்டி வைக்கும் மெத்தில் குறிகளை மட்டும் பார்ப்போம். அவற்றை ஒட்டுகிற என்சைம்களில் ஒன்று டிஎன்எம்டி3ஏ. கழற்றும் வேலையைத் தொடங்கி வைப்பது டெட்2.

லுக்கேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், வந்த நோயாளிகளிடம் டெட்2 பழுதாகியிருப்பது 2009-இல் தெரியவந்தது. அடுத்த வருடமே டிஎன்எம்டி3ஏவும் பட்டியலில் சேர்ந்தது. ஒட்டுகிறவன் கெட்டாலும் நோய், கழற்றுகிறவன் கெட்டாலும் நோய்! இது எப்படி?

இரண்டும் வேலை செய்கிற இடம் வேறு. டிஎன்எம்டி3ஏ இல்லாவிட்டால், முதிரும்போது அணைய வேண்டிய ஸ்டெம் செல் மரபணுக்கள் அணையாமல் ஓடுகின்றன. டெட்2 இல்லாவிட்டால், முதிர்ச்சிக்கான மரபணுக்களைத் தூண்டும் பகுதிகளில் மெத்தில் குறிகள் குவிகின்றன. வழி வேறானாலும் முடிவு ஒன்றுதான்: செல் முதிராமல் தன்னையே பெருக்கிக்கொள்கிறது.

[திரையில்: ஒரே நிறச் செல்கள் மஜ்ஜையில் மெல்லப் பரவுகின்றன.]

இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். 70 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 10 சதவீதம் பேரின் ரத்தத்தில் இப்படி ஒரே செல்லின் வாரிசுகள் கணிசமாகப் பெருகியிருப்பதை 2014-இல் வந்த ஆய்வுகள் காட்டின. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு லுக்கேமியா வருவதே இல்லை. வர வேண்டுமென்றால், அதே செல்களில் வேறு மரபணுக்களும் கெட வேண்டும்.

சரி, சிகிச்சை? எனக்கு இதில் மிகவும் சுவாரசியமாகப் படுவது ஐடிஹெச்2 கதை. இந்த என்சைம் பிறழ்ந்தால் ஒரு வேதிப்பொருள் குவிந்து, நல்ல நிலையில் இருக்கும் டெட்2வையும் முடக்கிவிடும். பிறழ்ந்த ஐடிஹெச்2வைத் தடுக்கும் எனாசிடெனிப் மாத்திரைக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வழக்கமான கீமோதெரபி போல இது செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. தேங்கி நின்ற முதிர்ச்சியை மறுபடி ஓட விடுகிறது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. புற்றுச் செல்கள் ஒரேயடியாக முதிர ஆரம்பித்தால் காய்ச்சல், மூச்சுத்திணறல், நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் சிகிச்சையின்போது மருத்துவர்கள் இந்த அறிகுறிகளைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். சந்தேகம் வந்தாலே ஸ்டீராய்டு கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.