டோபமைன் பாதையில் மூன்றாவது செல்

நேயர்களுக்கு வணக்கம். மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனை ஒரு நியூரான், அதாவது நரம்புச் செல், சுரக்கிறது, அடுத்த நியூரான் வாங்கிக்கொள்கிறது என்றுதான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அந்த இரண்டையும் தொட்டபடி மூன்றாவதாக ஒரு செல் இருக்கிறது. நட்சத்திரம் போலக் கிளை பரப்பியிருப்பதால் அதற்கு ஆஸ்ட்ரோசைட் என்று பெயர். எலி மூளையில் ஒரே ஆஸ்ட்ரோசைட்டின் எல்லைக்குள் சுமார் 1 லட்சம் நரம்புச் சந்திப்புகள் அடங்குகின்றன.

இந்த இனத்துச் செல்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் விர்ஷோ வைத்த பெயர் ‘நரம்புப் பசை’. பசை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. மின்முனையை வைத்துப் பார்த்தால் ஆஸ்ட்ரோசைட் நியூரானைப் போலத் துடிக்காது. அதன் பேச்செல்லாம் கால்சியத்தில். நியூரானின் துடிப்பு சுமார் 1 மில்லி விநாடியில் முடிந்துவிடும். ஆஸ்ட்ரோசைட்டுக்குள் கால்சியம் ஏறி இறங்கப் பல விநாடிகள் ஆகும். கால்சியம் பட்டால் ஒளிரும் சாயத்தை ஏற்றி 1990இல் பார்த்தபோதுதான் அந்த அலைகள் கண்ணுக்குத் தெரிந்தன.

சுண்டெலிகளில் நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. ஆய்வு செய்த இடம், பரிசு கிடைக்கும்போது விழித்துக்கொள்ளும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற மூளைப் பகுதி. அங்கே டோபமைன் கசிந்ததும் ஆஸ்ட்ரோசைட்டின் டி1 ஏற்பியில் ஒட்டுகிறது. உள்ளே கால்சியம் ஏறுகிறது. செல் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை வெளியே விடுகிறது. அது அடினோசினாகச் சிதைகிறது. அந்த அடினோசின், நியூரான்களைத் தூண்டும் குளுட்டமேட்டைக் கொண்டுவரும் நரம்பு முனைகளில் உள்ள ஏ1 ஏற்பியைப் பிடித்துச் சுரப்பைக் குறைக்கிறது. அதாவது, டோபமைனே ஆஸ்ட்ரோசைட் வழியாகக் குளுட்டமேட்டுக்கு ஒரு பிரேக்கையும் போடுகிறது. ஆம்பெடமைன் என்ற ஊக்கமருந்தைக் கொடுத்தால் சுண்டெலி நிலைகொள்ளாமல் ஓடும். ஆஸ்ட்ரோசைட்டில் மட்டும் டி1 ஏற்பியை நீக்கியபோது அந்த ஓட்டம் குறைந்தது. நாம் குடிக்கும் காபியிலுள்ள கஃபீன் அடைப்பதும் அடினோசின் ஏற்பிகளைத்தான் என்பதை இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

இதே செல் வழியாகக் கேடும் வரும். 1982இல் கலிபோர்னியாவில் போதைப்பொடியை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சிலர், சில நாட்களுக்குள்ளேயே பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உடல் இறுகிப்போனார்கள். திருட்டுத்தனமாகத் தயாரித்த பொடியில், பக்குவம் தவறியதால் எம்பிடிபி என்ற பொருள் கலந்திருந்தது. அந்தப் பொருள் தானே நஞ்சு அல்ல. அது மூளைக்குள் நுழைந்ததும் ஆஸ்ட்ரோசைட்டில் உள்ள எம்ஏஓ-பி என்ற நொதி அதை நஞ்சாக மாற்றுகிறது. மாற்றிய செல்லுக்குப் பெரிய சேதமில்லை. வெளியே வரும் நஞ்சை, டோபமைன் நியூரான் டோபமைன் என்றே எண்ணித் தன் வாயிலைத் திறந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்தி நின்று, நியூரான் மடிகிறது.

அந்த நொதியை முன்கூட்டியே செலிஜிலின் என்ற மருந்து கொண்டு தடுத்தபோது சோதனை விலங்குகள் தப்பின. எம்ஏஓ-பி டோபமைனையும் சிதைக்கும். அதனால் மிச்சமிருக்கும் டோபமைன் சற்றுக் கூடுதல் நேரம் நீடிக்கட்டும் என்று, டோபமைன் நியூரான்கள் குறைந்துபோன பார்க்கின்சன் நோயாளிகளுக்கு இன்று அதே செலிஜிலின் மாத்திரையைக் கொடுக்கிறார்கள். நன்றி, வணக்கம்.