முகவாயில் அடிபட்டால் பல்லைக் கடித்துப் பாருங்கள்

வணக்கம் மக்களே! அல்சூரிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கிற ஹாரனைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முகத்தாடை அறுவை சிகிச்சை டாக்டர். நம்ம பெங்களூரில் எங்கே பார்த்தாலும் அரை ஹெல்மெட்தான். போலீஸுக்குக் காட்டத்தான் அது உதவும், முகவாயை அது மூடுவதே இல்லை. குழியில் வண்டி சறுக்கி முகவாய் தரையில் மோதினால், ரத்தம் வருகிற இடத்தில் நாலு தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

கீழ்த்தாடை லாடம் மாதிரி வளைந்த எலும்பு. நடுவில் விழுகிற அடி இரண்டு காதுக்கும் முன்னால் உள்ள மூட்டு வரை போகும். அங்கே எலும்பின் கழுத்து மெலிந்திருக்கும், அதுதான் ஒடியும். அதனால் பல்லைக் கடித்துப் பாருங்கள். முன்போல் பொருந்தவில்லையா? வாய் திறந்தால் ஒரு பக்கம் கோணுகிறதா? கீழுதடு மரத்திருக்கிறதா? உடனே எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சிடி ஸ்கேன்.

தாடை கழன்றிருந்தால் கதை வேறு. வாயை மூடவே முடியாது. டாக்டர் கீழ்க் கடைவாய்ப் பற்களில் கட்டைவிரலை வைத்து, கீழே அழுத்திப் பின்னால் தள்ளுவார். வீட்டில் யாரும் முயல வேண்டாம், கூடவே எலும்பு முறிந்திருந்தால் வினையாகிவிடும்.

ஆபரேஷன் என்றால் மயக்கம் கொடுக்கும் குழாய் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் போகும். வாயில் குழாய் இருந்தால் பற்களைச் சேர்த்துப் பார்க்க முடியாதே! முதலில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் கட்டிக் கடியை, அதாவது இரண்டு வரிசைப் பற்களும் பொருந்துவதை, சரிசெய்வோம். அப்புறம்தான் எலும்பில் டைட்டானியம் தகடும் ஸ்குரூவும். கடி தப்பினால் எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. பல முறிவுகளுக்கு வாய்க்குள்ளேயே கீறிவிடலாம், வெளியே தழும்பு தெரியாது. மூட்டுப் பக்கம் மட்டும் யோசித்துத்தான் கத்தி வைப்போம், முகத்தை அசைக்கிற நரம்பு அங்கேதான் ஓடுகிறது. சிலருக்கு ரப்பர் பேண்டு போட்டுக் கடியைப் பிடித்து வைத்தாலே போதும்.

வாயைக் கம்பியால் கட்டி அனுப்பினால், கம்பி வெட்டுகிற கட்டர் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வாந்தி மூச்சை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. சாப்பாட்டுக்கு ராகிக் கஞ்சி, வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர்.

குழந்தை முகவாய் அடிபட விழுந்தால் இன்னும் கவனம் வேண்டும். மூட்டு முறிவைக் கவனிக்காமல் விட்டால் மூட்டு எலும்போடு ஒட்டிக்கொண்டு, வாய் திறக்காமல், தாடை வளராமலே நின்றுவிடலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆபரேஷன் வேண்டாம். டாக்டர் சொன்ன நாளிலிருந்து வாய் திறக்கும் பயிற்சியைத் தினமும் செய்ய வையுங்கள், அழுதாலும் விடாதீர்கள்.