ஒரே கால்சியம், இரண்டு வேலை

(ராயபுரத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். வரும் வழியில் தெருக்குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. அந்தக் குழாய்த் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டார். நன்றாகத் துடித்தது. கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்காமல் குழாய்த் தண்ணீரில் கலந்துவிட்டார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வடித்த நீரில் செய்து பார்த்தால் துடிப்பு தளர்ந்து நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் இதயத்தை ஓட்டியிருக்கிறது.

நம் ரத்தக் குழாயின் சுவரிலும் தசை உண்டு. அந்தத் தசைச் செல்லுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே கால்சியம் ஏறத்தாழ 10,000 மடங்கு அதிகம். சவ்வில் ஒரு கதவு திறந்தால் போதும், உள்ளே பாயும். கால்மாடுலின் என்ற புரதத்தோடு சேரும். தசை இறுகும், குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும்.

சரி, இது தசையின் வேலை. என்னைப் பல நாள் தூங்கவிடாதது அடுத்த வேலை. அதே கால்சியம் செல்லின் கருவுக்கும் சேதி அனுப்புகிறது. என்ஃபாட் என்ற புரதம் பாஸ்பேட் என்ற சிறு வேதித் துணுக்கைச் சுமந்துகொண்டு கருவுக்கு வெளியே காத்திருக்கும். கால்சியம் ஏறியதும் கால்சிநியூரின் என்ற நொதி அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். சுமை இறங்கிய என்ஃபாட் கருவுக்குள் போய் மரபணுக்களை எழுப்பும். கிரெப் என்ற இன்னொரு புரதத்துக்கோ நேர் எதிர்: பாஸ்பேட் ஒட்டினால்தான் அது வேலையில் இறங்கும். இறுகுவது சில நொடியில் நடந்துவிடும். மரபணு வழியாக வரும் மாற்றம் நாள்கணக்கில் தங்கும். பிரஷரை வருடக்கணக்கில் விட்டுவைத்தால் குழாயின் சுவரே தடித்துப்போவதில் இந்தச் சேதிகளுக்கும் பங்கு உண்டு.

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் அம்மா, தலைசுற்றல் இல்லை என்று அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை மூன்று மாதம் நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "எலும்புக்கு கால்சியம் குடுக்கறாங்க, பிரஷருக்கு கால்சியத்த நிறுத்தற மாத்திரை குடுக்கறாங்க, இன்னாடா இது?" என்றார். நியாயமான கேள்வி. ரத்தத்தில் ஓடும் கால்சியத்தின் அளவை உடம்பே பார்த்துக்கொள்ளும். அம்லோடிபின் அதைக் குறைப்பதில்லை. தசைச் செல்லின் கதவு அதிகம் திறக்காமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஒரு தாளில் செல்லை வரைந்து, கதவையும் வரைந்து காட்டினேன்.

இப்போது காலையில் காபி குடித்ததும், "அந்தக் கதவு மாத்திரை எங்கடா?" என்று அம்மாவே கேட்கிறார்.