வேடிக்கை பார்க்க ஒரு நீதிமன்றம்

நேயர்களுக்கு வணக்கம்.

நமக்கு வழக்கே இல்லாதபோது நீதிமன்றத்தில் போய் உட்காரலாமா? தாராளமாக உட்காரலாம். விசாரணை ஊரறிய நடக்க வேண்டும் என்பதை இங்கிலாந்தில் 1913-இல் ஸ்காட் எதிர் ஸ்காட் வழக்கில் அடித்துச் சொன்னார்கள். இந்திய உச்ச நீதிமன்றமும் 1966-இல் மிராஜ்கர் வழக்கில் அதைத்தான் சொன்னது. நீதிக்குத் தேவையானால் கதவை மூடலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. பாலியல் வன்முறை வழக்கு, சிறார் வழக்கு என்றால் நம்மை வெளியே அனுப்பிவிடுவார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

சினிமா பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் ஏமாற்றம்தான். பெயர் கூப்பிடுவார்கள், வக்கீல் வரவில்லை, சாட்சி வரவில்லை, நகல் கிடைக்கவில்லை, வாய்தா. அடுத்த வழக்கு. அதுவும் வாய்தா. எழுந்து வந்துவிடாதீர்கள்.

குறுக்கு விசாரணை என்று ஒன்று வரும். அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறோம். இரவில் ஓடியவனை நன்றாகப் பார்த்தேன் என்கிறார் சாட்சி என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்துவதே இல்லை. அன்று மழை பெய்ததா? பெய்தது. தெருவிளக்கு எரிந்ததா? எரியவில்லை. நீங்கள் மாடியில் நின்றீர்கள்? ஆமாம். அவன் குடை பிடித்திருந்தான்? ஆமாம். அவ்வளவுதான், வக்கீல் உட்கார்ந்துவிடுவார். ‘அப்புறம் முகத்தை எப்படிப் பார்த்தீர்கள்?’ என்று கேட்கத் துடிப்பது நாம்தான். கைதேர்ந்தவர் கேட்க மாட்டார். கேட்டால், மின்னல் வெட்டியது என்று சாட்சி ஒரு விளக்கம் கொடுத்துவிடலாம், அத்தனையும் வீணாகிவிடும். கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைப் பிறகு வாதத்தில் எடுத்துக்கொள்வார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீதிபதி கையால் குறிப்பெடுக்கிறார் என்றால், அனுபவமுள்ள வக்கீலின் பார்வை பாதி நேரம் அந்தப் பேனாவின் மேல்தான் இருக்கும். பேனா நின்றால்தான் அடுத்த கேள்வி வரும்.

என்னைக் கேட்டால், பத்திரிகையில் அடிபடும் பெரிய வழக்குக்குப் போகவே வேண்டாம். இடம் கிடைக்காது, கிடைத்தாலும் பாதி நாள் ஆவணங்களைப் பற்றிய சண்டையிலேயே போய்விடும். சின்னத் திருட்டு வழக்குக்குப் போங்கள், சாட்சியின் முகம் தெரிகிற தூரத்தில் உட்காரலாம்.

கைப்பேசியை அணைத்துவிடுங்கள். படம் எடுக்கப் பெரும்பாலான இடங்களில் அனுமதி இல்லை. இங்கிலாந்தில் 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளே உட்கார்ந்து வரையக்கூடக் கூடாது. ஓவியர்கள் பார்த்ததை மனத்தில் வைத்துக்கொண்டு வெளியே போய்த்தான் வரைகிறார்கள்! பக்கத்தில் இருப்பவரிடம் வழக்கைப் பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள். அவர் குற்றம் சாட்டப்பட்டவரின் அண்ணனாக இருக்கலாம், பறிகொடுத்தவரின் மனைவியாகவும் இருக்கலாம். எல்லோருக்கும் அதே பெஞ்சுதான்.

இதையெல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாமே என்பீர்கள். சரி, இந்திய உச்ச நீதிமன்றம் 2022 முதல் அரசியல் சாசன அமர்வு விசாரணைகளை நேரலையில் காட்டுகிறது. சட்ட வாதம் கேட்க அது அருமை. ஆனால் அங்கே சாட்சிக் கூண்டு இல்லை, கேமரா காட்டுகிற இடத்தைத்தான் நாமும் பார்க்க வேண்டும். நேரில் போனால், வக்கீல் பேசிக்கொண்டிருக்கும்போது கூண்டில் நிற்பவரைப் பார்க்கலாம்.

நீங்கள் போகிற நாளில் தீர்ப்பு வராது, பெரும்பாலும் நடுவில் ஒரு துண்டுதான் கிடைக்கும். முடிவு தெரியாமல் தூக்கம் வராது என்றால், வழக்கு எண்ணையும் அடுத்த தேதியையும் குறித்துக்கொண்டு வாருங்கள். வணக்கம்.